வாசித்துக் காட்டிய பக்கம்

ஜூன் 12, திங்கள்

இன்று முற்பகல் 11.40க்கு உறுதியானது: என் மனைவி நிர்மலாவுக்கு இருப்பது வலிப்பு அல்ல, மறதி நோயும் அல்ல. விலகல் அடையாளக் கோளாறு. ஆதாரம்: மனநல மருத்துவர் ஜுபைதா, பாளையங்கோட்டையில் தன் அறையில், எங்கள் இருவர் முன்னிலையிலும் சொன்னது. கேட்டதும் கைப்பட எழுதியும் தந்தார். மூளை ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனைகளையும் பார்த்து, நிர்மலாவிடம் ஒன்பது முறை தனியே பேசிய பிறகுதான் சொன்னார்.

தொடக்கம் மார்ச்சில். நிர்மலாவுக்கு வயது நாற்பத்து நான்கு. ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் சாக்பீஸை வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்துப் பிள்ளையிடம் பென்சில் வாங்கி மூன்றாம் வாய்ப்பாடு எழுதியிருக்கிறாள். தலைமை ஆசிரியை எனக்கு போன் செய்தார். “டீச்சர் வெளையாடுதாங்கன்னு பிள்ளைங்க சிரிச்சுது சார். நானும் மொதல்ல சிரிச்சுட்டேன்.”

நான் போனபோது பெஞ்சுக்கு அடியில் ஒளிந்தாள். கால்மணி நேரம் கழித்து எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, “ஏங்க, நீங்க எப்ப வந்தீங்க?” என்று கேட்டாள்.

முப்பத்தைந்து வருடமாக நாளிதழில் செய்தி எழுதுகிறேன். அந்த வகுப்பறையில் என்ன நடந்தது என்று எனக்கு ஒரு வரிகூட எழுத வரவில்லை. அதனால்தான் இந்த நோட்டு.

டாக்டர் சொன்னது: “ஒரு ஆள் மூணா ஒடைஞ்சிட்டாங்கன்னு நெனைக்காதீங்க சார். சின்ன வயசுல எல்லாருக்கும் மனசு துண்டு துண்டாத்தான் இருக்கும். வளர வளரச் சேரும். தாங்க முடியாதது நடந்து, ஓடவும் எடமில்லன்னா, அது சேராமலே நின்னுடும். ஒரு துண்டு பயத்த வச்சுக்கும். ஒரு துண்டு காவல் நிக்கும். இன்னொண்ணு எதுவுமே தெரியாமப் பள்ளிக்கூடம் போகும், கல்யாணம் பண்ணும், பிள்ளை பெத்துக்கும்.”

நிர்மலா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள், வேறு யாருடைய பிள்ளையைப் பற்றியோ ஆசிரியர் கூட்டத்தில் கேட்பது போல.

எனக்கு ஒரு படிவம் தந்தார்கள். ஏழாவது கேள்வி: நோயாளி அஞ்சும்படியான ஆள் வீட்டில் யாரேனும் உண்டா? ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வீட்டில் நாங்கள் இருவர்தான். மகள் கோமதி கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள்.

ஜூன் 13

சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். நிர்மலா தோசைக்கு அரைத்தாள்.

ஜூன் 15, வியாழன்

சிகிச்சையின் இலக்குகளை நிர்மலா கரும்பலகை எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். முதலில் பாதுகாப்பு: தூக்கம், சாப்பாடு, பயமில்லாத வீடு. அடுத்து, உள்ளே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வது. பழைய நினைவுகளைத் தொடுவது அதற்கப்புறம், அவள் தாங்குகிற அளவுக்கு. கடைசியில் ஒன்றாகச் சேர்வதோ, சேராமல் ஒத்துப்போய் வாழ்வதோ அவர்கள் முடிவு.

“முடிய எவ்வளவு நாளாகும்?” என்று டாக்டரிடம் கேட்டேன்.

“வருஷக்கணக்காகும்.”

“தோராயமா ஒரு தேதி?”

“இது என்ன சார், ஓட்டு எண்ணிக்கையா?”

நிர்மலா சிரித்துவிட்டாள். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு.

மாத்திரை தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மட்டும்தான். இந்தக் கோளாறுக்கென்று மருந்து கிடையாது. பேச்சுதான் சிகிச்சை. எனக்கு மூன்று தடைகள்: யாரையும் பேர் சொல்லி வரவழைக்கக் கூடாது. கேள்வி கேட்டுத் துருவக் கூடாது. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் கொண்டுபோகக் கூடாது.

மூன்றாவது ஏன் என்று கேட்டேன். “நம்பிச் சொன்னதப் போய் இன்னொருத்தர்கிட்ட ஒப்பிச்சா, சொன்னவங்களுக்கு அப்புறம் அந்த வீட்ல எடமேது? அதுக்கு நேரங்காலம் இருக்கு. அது என் வேலை சார்.”

ஒப்புக்கொண்டேன். ஆனால் என் தொழிலின் பழக்கம் நேரெதிர். ஒரு குற்றச்சாட்டு வந்தால் மறுதரப்பிடம் வாசித்துக் காட்டி அவர் பதிலையும் வாங்காமல் ஒரு வரி எழுதியதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் செய்தி ஆசிரியர் கற்றுத் தந்தது அது.

ஜூன் 18, ஞாயிறு

கோமதியிடம் போனில் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன்.

அவள் அதிரவில்லை. “சின்ன அம்மாவச் சொல்லுதியளாப்பா?”

“யாரு சின்ன அம்மா?”

“பேச்சி. நான் ரெண்டாங்கிளாஸ் படிக்கயில எங்கூட கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவா. தோத்தா அழுவா. எல்லா வீட்லயும் அம்மைக்குள்ள ஒரு சின்ன அம்மா இருப்பான்னுல்லா நான் நெனச்சேன்.”

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“நீங்க எப்பப்பா வீட்ல இருந்தீங்க?”

பேச்சி என்பது நிர்மலாவின் பழைய பெயர்தான். பேச்சியம்மாள். 2003இல் பெயர் மாற்ற விளம்பரம் கொடுக்க எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். விளம்பரப் பிரிவு பூட்டியிருந்ததால் என் மேசைக்கு வந்தாள். எனக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் இனி இல்லை என்று வீட்டில் கைவிட்டிருந்த நேரம். அடுத்த தையில் கல்யாணம். “ஆவுடையப்பன் விளம்பரத்தோட ஆளையும் சேத்து வாங்கிட்டான்” என்று நண்பர்கள் இன்னமும் கேலி செய்வார்கள்.

தான் அம்பாசமுத்திரத்தில் சித்தி வீட்டில் வளர்ந்ததாகச் சொல்லியிருந்தாள். அதற்குமேல் நான் கேட்டதில்லை.

ஜூன் 21, புதன்

பேச்சியைப் பார்த்தேன்.

பகல் மூன்று மணி. சாப்பாட்டு மேசைக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தொலியை ஒரு குவியலாகவும் பருப்பை ஒரு குவியலாகவும் வைத்திருந்தாள். இருபது வருடம் என்னோடு வாழ்ந்த முகம். அந்தப் பார்வையை நான் அந்த முகத்தில் கண்டதில்லை.

“அண்ணாச்சி, கடலை வேணுமா?”

கட்டிய மனைவி அண்ணாச்சி என்று கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து வாங்கித் தின்றேன்.

“ஒனக்கு எத்தன வயசு?” கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாது.

“ஒம்பது.” பிறகு, “நாளைக்கும் வருவியளா?”

“நான் எங்க போகப்போறேன், இங்கதான இருக்கேன்.”

“அப்படித்தான் சொல்லுவாவ” என்றாள். பருப்பை எண்ணி எனக்குப் பாதி கொடுத்தாள்.

ஜூன் 24, சனி

மழை. மொட்டைமாடிக் குழாயடைப்பை எடுத்தேன். தலைமை ஆசிரியை நிர்மலாவின் விடுப்பு பற்றிப் பேசினார்.

பேச்சி இரண்டாவது முறை வந்தாள். நான் துருவவில்லை, அவளாகச் சொன்னதை எழுதிக்கொண்டேன். சில இடங்களில் மட்டும் தெளிவு வேண்டியிருந்தது.

சொன்னதன் சுருக்கம்: சித்தி வீட்டுக்கு முன்னால் பெண்பிள்ளைகள் இல்லம் ஒன்றில் இருந்திருக்கிறாள். தவறு செய்த பிள்ளையை மேட்ரன் அரிசி வைக்கும் கிட்டங்கியில் போட்டுப் பூட்டுவார். சன்னல் கிடையாது. ஒருமுறை இவள் பதினோரு நாள் உள்ளே இருந்திருக்கிறாள்.

“என்ன தப்பு செஞ்ச?”

“சொல்லிட்டேம்லா.”

“யார்கிட்ட?”

கடலைத் தொலியை ஊதிப் பறக்கவிட்டாள். நோட்டை மூடினேன். ஒரே ஆள் தரும் தகவல், அதுவும் ஒன்பது வயதுப் பிள்ளை சொல்வது. இன்னொரு ஆதாரம் வேண்டும்.

ஜூன் 27, செவ்வாய்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை பதினொன்றரை. நிர்மலா கொல்லைக் கதவை இரண்டு முறை தாழிட்டுப் பார்த்தாள். நேற்றைய பேப்பர்களைச் சுருட்டி வெளியே போட்டாள். இது புதிதல்ல. எங்கள் வீட்டில் பேப்பர் ஒருநாளுக்கு மேல் தங்காது. என் வேலை மீதுள்ள கோபத்தில் இப்படிச் செய்கிறாள் என்றுதான் இருபது வருடமாக நினைத்திருந்தேன். இன்று முதுகை நிமிர்த்தி நாற்காலியில் உட்கார்ந்து, “என்ன வே பாக்குதீரு?” என்று கேட்டபோது, அது கோபமல்ல, வேறொருத்தி என்று தெரிந்தது. டாக்டர் சொன்ன காவல்காரி. நிர்மலா இவளைப் ‘பெரியவ’ என்று குறிப்பிடுவாள்.

இவள் இரண்டாவது ஆதாரம் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை மறைக்கவில்லை.

நோட்டை எடுத்து, பேச்சி சொன்னதை வாசித்துக் காட்டினேன். கிட்டங்கி, சன்னல், பதினோரு நாள். “இதெல்லாம் சரிதானா? நீங்க என்ன சொல்லுதீங்க?” என்று கேட்டேன்.

என் கையிலிருந்த நோட்டையே பார்த்தாள்.

“அன்னைக்கும் இப்படித்தான்யா வாசிச்சுக் காமிச்சீரு.”

“என்னைக்கு?”

“தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னு அந்தப் பிள்ள சொல்லிச்சு. எழுதுனீரு. எழுதிட்டு நேரா மேட்ரன்கிட்டப் போயி, பேச்சின்னு ஒரு பிள்ள இப்படிச் சொல்லுது, நீங்க என்ன சொல்லுதீங்கன்னு கேட்டீரு. மேட்ரன் ரூம் சன்னலுக்கு வெளியே நான் நின்னேன். அதுக்குத்தான் பதினோரு நாளு.”

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

“பேரு மாத்தவா ஒம்ம ஆபீசுக்கு வந்தேன்? ஒம்ம மூஞ்சியப் பாக்கணும்னு வந்தேன். செருப்பக் கழத்தி அடிக்கணும்னு வந்தேன். இந்த டீச்சர் ஒம்மகிட்ட மயங்கிட்டா. அவளுக்கு ஒண்ணுந் தெரியாது. நான் என்ன செய்ய? கூடவே வந்துட்டேன். எவளாவது காவலுக்கு வேணும்லா.”

“இருபது வருஷமாவா?”

“ஒரு நாளு லீவு போட்டதில்ல” என்றாள்.

ஜூன் 28

சிலிண்டர் வந்தது.

ஜூன் 30, வெள்ளி

“இன்னைக்கு என்ன கெழம?” என்று நிர்மலா கேட்டாள். செவ்வாயிலிருந்து அவளுக்கு எதுவும் நினைவில்லை. புதனும் வியாழனும் பெரும்பாலும் குளியலறையில்தான் இருந்தாள். தட்டை வாசலில் வைத்தால் எடுத்துக்கொண்டாள். தாழ்ப்பாளை மட்டும் போடவே இல்லை. கதவு ஒரு சாண் திறந்தே இருந்தது. ஏன் என்று எனக்கு இப்போது தெரியும்.

டாக்டரிடம் போனோம். அவளோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“அந்தச் சின்னப் பிள்ளை ஒளிஞ்சுக்கிட்டா சார். ரெண்டு மாசமாப் பேசிப் பேசிக் கொண்டு வந்தேன். வீட்ல என்ன நடந்துச்சு?”

“தெரியல மேடம்” என்றேன்.

வருகிற வழியில் நிர்மலா ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். முருங்கைக்காய் வாங்கினேன்.

ஜூலை 2, ஞாயிறு

என் தொழில் நோட்டுகள் எல்லாம் பரணில் இரண்டு டிரங்குப் பெட்டிகளில், வருட வாரியாக இருக்கின்றன. எதையும் எறிந்ததில்லை. பெரியவ சொன்னதைச் சரிபார்க்கத் தேடினேன். பெண்பிள்ளைகள் இல்லம் ஒன்றுக்கு நான் போனது 1988 ஆகஸ்டில் ஒரே முறை. 1988 ஆகஸ்ட் நோட்டு இல்லை.

உறுதி செய்ய வழியில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய சம்பவம், அந்தக் கோலத்தில் ஒருவர் சொன்னது, ஆள்மாறாட்டமாகவும் இருக்கலாம். இந்த மாவட்டத்தில் பேச்சி என்ற பெயர் தெருவுக்கு நாலு.

ஜூலை 4, செவ்வாய்

நிர்மலா ஃபிரிட்ஜில் ஒட்டியதைத் திரும்பப் படித்தேன். முதல் வரி: பயமில்லாத வீடு.

ஜூலை 5, புதன்

ஜூலை 2 பதிவில் ஒரு திருத்தம். 1988 ஆகஸ்ட் நோட்டு இல்லை என்று ஞாயிறன்று எழுதினேன். அது உண்மையல்ல. ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கையில் எடுத்தேன். திறக்காமல் திருப்பி வைத்தேன்.

இன்று காலை திறந்தேன். ஆகஸ்ட் 17, 1988. என் கையெழுத்துதான், பச்சை மை. எனக்கு அப்போது இருபத்து மூன்று. பக்கத்தில் உள்ளது உள்ளபடி:

‘இல்லத்துக்குத் தையல் எந்திரம் வழங்கும் விழா. தலைமை தாங்கியவர் பெயர் கேட்க. — தொட்டியருகே சிறுமி, பேச்சி, 9. கிட்டங்கியில் பூட்டுகிறார்களாம். பெயர் சொல்ல வேண்டாம் என்கிறாள். நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறேன். — மேட்ரனிடம் வாசித்துக் காட்டினேன். மறுக்கிறார். சிறுமிக்குப் பொய் சொல்லும் பழக்கம் உண்டாம்.’

அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. அடுத்த நாள் வந்த செய்தி நாலு வரி. தையல் எந்திரம் பற்றி.

மறுநாள் நான் போகவில்லை. அம்பாசமுத்திரத்தில் ஒரு பஸ் விபத்து என்று அடுத்த பக்கம் சொல்கிறது.

நோட்டோடு பத்து மணிக்கு டாக்டரிடம் போனேன். ஜூன் 27 அன்று பெரியவளிடம் வாசித்துக் காட்டியதையும் சொன்னேன். அவர் படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“இத இருபத்தேழாந்தேதியே சொல்லியிருந்தா ஒரு வாரம் மிச்சம்” என்றார். பிறகு, “நிர்மலாகிட்ட நான் சொல்லுதேன். நீங்க வெளிய இருங்க.”

வெளியே பெஞ்சில் ஐம்பது நிமிடம். கதவு திறந்து நிர்மலா வந்தாள். கண் சிவந்திருந்தது. நின்றுகொண்டே பேசினாள்.

“சித்தி வீட்ல வளந்தேன்னு சொன்னேன். பொய் சொல்லலங்க. எனக்கு அதுதான் தெரியும்.”

“தெரியும் நிர்மலா.”

“நீங்கன்னு தெரிஞ்சிருந்தா கட்டியிருப்பனான்னு யோசிச்சுப் பாத்தேன். தெரியல.” கைக்குட்டையை மடித்தாள். “எனக்கு ஒங்க மேல கோவம் வர மாட்டேங்கு. அந்தக் கோவம் அவகிட்டல்லா இருக்கு.”

“மன்னிச்சிரு” என்றேன்.

“நான் ஒருத்தி மன்னிச்சாச் செல்லாதுங்க. மத்த ரெண்டு பேரையும் கேக்கணும்.”

டாக்டரிடம் அலமாரியிலிருந்து ஜூன் 12ஆம் தேதிப் படிவத்தை எடுத்துத் தரச் சொன்னேன். முப்பத்தைந்து வருடத்தில் என் பெயரில் திருத்தம் வெளிவந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வேன். ஏழாவது கேள்வியில் ‘இல்லை’யை அடித்து, ‘உண்டு. கணவர்’ என்று எழுதித் தேதியிட்டேன்.

மாலை கோமதி கோவையிலிருந்து வந்து சேர்ந்தாள். நான் இரண்டு வேட்டி சட்டையோடு அலுவலக விருந்தினர் அறைக்கு வந்துவிட்டேன். போகச் சொன்னது யாருமில்லை. வாசலில் பெரியவ நின்றாள். “தாழ்ப்பா நான் போட்டுக்கிடுதேன், நீரு போம்” என்றாள். குரலில் ஜூன் 27 அன்று இருந்த வேகம் இல்லை. அதற்கு என்ன பொருள் என்று ஊகிக்க மாட்டேன்.

ஜூலை 6, வியாழன்

மதியம் கோமதி போன் செய்தாள்.

“பேச்சி வந்தாப்பா. இன்னைக்குத்தான். சோறு வடிச்சுக்கிட்டு இருந்தேன், மேசைக்கு அடியில சத்தம் கேட்டுச்சு.”

“என்ன சொன்னா?”

“பாண்டி ஆடுவோமான்னா. ஆடுனோம். நான்தான் தோத்தேன்.” தட்டுகளைக் கழுவும் சத்தம் கேட்டது. “அப்புறம், அண்ணாச்சி நாளைக்கு வருவாவளான்னு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல. வாக்குக் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் எனக்குப் போன்ல சொல்லியிருக்காங்க. நீங்களும் இப்ப எங்கிட்ட எதுவும் சொல்லாதீங்க.”

சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுச் சட்டையை இஸ்திரி போட்டேன்.

இன்றுவரை உறுதியானது: 1988 ஆகஸ்ட் 17 அன்று அந்தப் பக்கத்தை மேட்ரனிடம் வாசித்துக் காட்டியவன் நான். ஆதாரங்கள் இரண்டு: என் நோட்டும் என் மனைவியும்.

உறுதியாகாதது: நாளைய அமர்வில் நான் உட்காரலாமா என்பது. நிர்மலா சரி என்றுவிட்டாள். பெரியவ இன்னும் பதில் சொல்லவில்லை. பேச்சியிடம் டாக்டர் நேரில் கேட்பார். மூன்று பேரும் ஒப்பினால்தான் கதவு திறக்கும். ஒருத்தி வேண்டாம் என்றாலும் நான் வெளியே பெஞ்சில்தான்.

தெரியவரும் நேரம்: நாளை, வெள்ளி, காலை பதினொன்று. பத்தரைக்கே போய்விடுவேன். பெஞ்சில் உட்காரவேண்டி வந்தாலும், கதவிலிருக்கும் கண்ணாடி வழியாக நான் வந்திருப்பது உள்ளே தெரியும்.